உறையை வளைத்ததும் ரோபோ கையின் பிடி தளர்கிறது: மோட்டாரை மாற்றணுமா?

ஈசூன்வாசி:
வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட், எண்டோஸ்கோப் வழியாகப் போகும் அறுவைக் கை. ஒரு மணிக்கட்டு மூட்டு, முனையில் பொருளைப் பிடிக்கும் தாடை. 0.45 மி.மீ எஃகு கேபிள், 7×7 பின்னல் (ஏழு இழை கொண்ட ஏழு புரி), 1.2 மீட்டர் சுருள் உறைக்குள் ஓடுகிறது. உறை நேராக இருந்தால் தாடை நன்றாகப் பிடிக்கிறது. ஒரு முழு வட்டம் வளைத்தால் பிடி பாதிகூட இல்லை. திசை மாற்றினால் மோட்டார் சுற்றுகிறது, தாடை அசையவே நேரமாகிறது. பெரிய மோட்டார் போடலாமா? டைனீமா நூலுக்கு (வலுவான பாலிஎத்திலீன் நூல்) மாறலாமா?

கிளமெண்டி_77:
மோட்டாரைத் தொடாதீங்க தம்பி. வளைவில் இழக்கும் விசைக்காக மோட்டாரைப் பெரிதாக்கினால், உறை நேராகும் நொடியில் தாடை திசுவை நசுக்கிவிடும்.

இழப்பை முடிவு செய்வது உறையின் நீளம் இல்லை, மொத்தம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதுதான். வளைவில் உராய்ந்து ஓடும் கயிற்றின் விசை இழப்பைச் சொல்லும் கேப்ஸ்டன் சமன்பாட்டில் உராய்வுக் கெழு 0.15, வளைவு 360 டிகிரி என்று போடுங்க: 10 நியூட்டன் இழுத்தால் முனைக்கு 3.9 தான் சேரும். 180 டிகிரியில் 6.2. கெழு 0.1 ஆனால் 360லேயே 5.3 கிடைக்கும். அதனால் முதலில் உறைக்குள் டெஃப்லான் குழாய். உறையை வெட்டிய முனையை நகத்தால் தடவிப் பாருங்க, பிசிறு இருந்தால் கேபிளை இழை இழையாக அறுத்துவிடும்.

திசை மாறும்போது உராய்வும் திசை மாறும். அது முழுசாகத் திரும்பும்வரை மோட்டார் இழுப்பதெல்லாம் கேபிளின் நீட்சியிலேயே போய்விடும். தாடையைத் திருப்பும் கப்பியின் ஆரம் 1.5 மி.மீ என்றால், 1 மி.மீ கேபிள் தொலைந்தாலே தாடையில் 38 டிகிரி போச்சு! மாட்டுவதற்கு முன் கேபிளை அறும் பளுவில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்து 30 தடவை இழுத்து விடுங்க. மாட்டும்போதே கேபிளில் வைக்கும் முன்இழுவை தொய்வு போகும் அளவுக்கு மட்டும், கூடினால் உராய்வும் கூடும்.

தெம்பனிஸ்_மெக்:
டைனீமா சின்னக் கப்பியில் அழகாக வளையும். ஆனால் இழுவையிலேயே வைத்திருந்தால் நாளாக நாளாக நீளும். 145 டிகிரி வாக்கில் உருகிவிடும் என்பதால் கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் 134 டிகிரி ஆட்டோகிளேவுக்கு ஆகாது. டாவின்சி அறுவை ரோபோவின் கருவிகளில் மணிக்கட்டில் ஓடுவது டங்ஸ்டன் கேபிள்.

இன்னொன்று, தாடையின் கேபிள் மணிக்கட்டைத் தாண்டித்தானே போகிறது? அச்சின் நடுவே விடாவிட்டால் மணிக்கட்டு மடங்கும்போது தாடை தானாகத் திறக்கும். இடமில்லை என்றால் மென்பொருளில் ஈடுகட்டுங்க.

நன்யாங் பல்கலைக்கழகத்தின் 'மாஸ்டர்' எண்டோஸ்கோப் அறுவை ரோபோவும் கேபிள்-உறை வகைதான். முனையில் சென்சாருக்கு இடம் கிடையாது, அதனால் மோட்டார் பக்கம் அளந்த இழுவையிலிருந்து முனை விசையைக் கணக்கிடும் வழியை அந்தக் குழு கட்டுரையாகவே எழுதியிருக்கிறது. தேடிப் படிங்க. அதற்கு முன் இரு முனையிலும் லோட் செல் (விசை அளக்கும் சென்சார்) வைத்து 0, 90, 180, 360 டிகிரியில் அளந்து, எண்களை இங்கே போடுங்க.