11 வயது லேப்ரடாருக்கு மூட்டு வலி: சிபிடி எண்ணெய் கொடுக்கலாமா?

ரோஸி அம்மா, தாம்பரம்:
எங்கள் ரோஸிக்கு 11 வயது, 30 கிலோ. காலையில் எழும்போது பின்னங்கால் விறைத்துப்போய், டைல்ஸ் தரையில் வழுக்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது கொடுத்தால் நன்றாக நடக்கிறாள், ஆனால் சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று வாந்தியும் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆன்லைனில் வாங்கிய ஹெம்ப் ஆயில் (கஞ்சா செடி எண்ணெய்) ஒன்றைக் கொடுத்தார். 30 மி.லி., 300 மி.கி. என்று போட்டிருக்கிறது, ஒரு நாளைக்கு ஐந்து சொட்டாம். கொடுக்கலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருந்துக்கடை தம்பி:
அக்கா, முதலில் அந்த 300 மி.கி. எதனுடையது என்று பாருங்கள். "ஹெம்ப் சீட் ஆயில்" என்றால் விதையை ஆட்டி எடுத்தது, அதில் சிபிடி (கஞ்சா செடியில் இருக்கும், போதை தராத பொருள்) இருக்காது என்றே சொல்லலாம். முழுக்க சிபிடி என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. 2018இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூட்டுத் தேய்மானம் உள்ள நாய்களுக்குக் கொடுத்தது கிலோவுக்கு 2 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ரோஸிக்கு ஒரு வேளைக்கு 60 மி.கி., அதாவது இந்த பாட்டிலில் 6 மி.லி. இரண்டரை நாளில் பாட்டில் காலி. ஐந்து சொட்டில் வருவது சுமார் 2.5 மி.கி. தான், அதை நம்பி வலி மருந்தை விடுவது ரோஸியை வலியில் விடுவது மாதிரி. அந்த ஆய்வில் வலி குறைந்தது உண்மைதான், ஆனால் முடித்தவை 16 நாய்கள்தான். 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட அதே அளவு கொடுத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அம்மா, எண்ணெய் பேச்சு அப்புறம். வாந்தியும் பசியின்மையும் இருக்கும்போது மெலாக்சிகாம் அடுத்த வேளை வேண்டாம், இன்றே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வயிற்றில் ரத்தக்கசிவு இருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு போங்கள். மெலாக்சிகாமுக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ இப்யூபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள்.

சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பார்க்கட்டும், நம் ஊரில் கால் நொண்டுவதற்கு அதுவும் காரணமாகிறது. வேறு ஏதாவது மருந்து ஓடுகிறதா?

ரோஸி அம்மா:
மலம் சாதாரணமாகத்தான் போகிறது, டாக்டர். வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் ரொம்ப காலமாகக் கொடுக்கிறோம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அப்படியென்றால் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். சிபிடி, ஃபீனோபார்பிட்டோன் இரண்டுமே ஏஎல்பி என்ற கல்லீரல் அளவை ஏற்றக்கூடியவை. சேர்த்துக் கொடுத்தால் எதனால் ஏறியது என்று தெரியாமல் போகும். சிபிடி கல்லீரலில் மருந்துகள் சிதையும் வேகத்தையும் மாற்றக்கூடும். மயக்கம் கூடினாலும் வலிப்பு திரும்பினாலும் அவதிப்படுவது குழந்தைதான்.

இன்னொன்று, நம் நாட்டில் ஆயுஷ் உரிமத்தில் விற்கும் கஞ்சா இலை எண்ணெய்கள் பெரும்பாலும் மனிதர்களுக்கானவை. சிலவற்றில் டிஎச்சி என்ற போதைப் பொருள் இருக்கும். அது நாய்க்குப் போனால் தள்ளாடும், சிறுநீர் தன்னால் சொட்டும், சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடும். சைலிடால் என்ற இனிப்பு சேர்த்திருந்தால் அதைவிட ஆபத்து.

ரோஸி அம்மா:
பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், சின்ன எழுத்தில் "விதை எண்ணெய்" என்றுதான் இருக்கிறது. டாக்டர் மெலாக்சிகாமை நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்திருக்கிறார், ரிசல்ட் வரும்வரை கபாபென்டின் என்ற வேறு வகை வலி மருந்து எழுதியிருக்கிறார். கொஞ்சம் தூக்கமாக இருக்கிறாள், அது பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
தொடக்கத்தில் தூக்கம் வரும். ஃபீனோபார்பிட்டோனும் ஓடுவதால் நிற்க முடியாமல் தள்ளாடினால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவள் நடக்கும் வழியெல்லாம் ரப்பர் மேட் போடுங்கள், சோற்றைக் குறைத்து இரண்டு மூன்று கிலோ இறக்குங்கள். ரிசல்ட் வந்ததும் வேறு வலி மாத்திரை எழுதினால், மெலாக்சிகாம் கடைசியாகக் கொடுத்த தேதியைச் சொல்லுங்கள். இடையில் சில நாள் இடைவெளி விட வேண்டும்.