ஏற்காட்டுத் தோட்டத்துக்கு ஃபோர் வீல் டிரைவ்: ஜப்பான் பழைய வண்டியா, உள்ளூர் வண்டியா?

மிளகுக்கொடி எழுதியது:

வணக்கம். நாகலூர் பக்கம் தோட்டத்துக்கு ஒரு ஃபோர் வீல் வண்டி வேண்டும். தார் ரோடு முடிந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் ஏற்றம். ஐப்பசி மழையில் டூ வீல் டிரைவ் பொலேரோ பாதி ஏற்றத்தில் நின்று பின்னால் வழுக்குகிறது. ஏற்றுவது இரண்டு ஆள், நாலைந்து மூட்டை காப்பி அல்லது உரம். வாரம் இரண்டு தடவை சேலம் இறங்கி ஏற வேண்டும். கையில் 10 லட்சம்.

ஜப்பானில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர், அங்கே ஏலத்தில் பழைய ஜிம்னி, பிராடோ எல்லாம் சல்லிசாகப் போகிறது, 2015 மாடல் ஒன்றை எடுத்து சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிறேன் என்கிறார். அங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம்தானே, அப்புறம் என்ன தடை? டியூட்டி எவ்வளவு வரும்? இல்லை, பேசாமல் இங்கேயே பழைய மாருதி ஜிப்சி, மஹிந்திரா தார் என்று பார்ப்பதா?

துறைமுகத்தான் எழுதியது:

2015 மாடல் என்று சொன்ன இடத்திலேயே பேச்சு முடிந்தது சார். பழைய வண்டி இறக்குமதிக்கு முதல் விதி, தயாரித்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இரண்டாவது, சென்னையில் இறக்க முடியாது. பழைய வண்டிக்கு மும்பைத் துறைமுகம் மட்டும்தான். ஸ்டியரிங் வலது பக்கம், ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில், ஹெட்லைட் வெளிச்சம் இடதுபக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். ஜப்பான் வண்டி இந்த மூன்றிலும் தேறிவிடும். இங்கிலாந்து வண்டி மைல் மீட்டரில் மாட்டும், துபாய் வண்டி ஸ்டியரிங்கிலேயே மாட்டும்.

நிஜமான முடிச்சு காகிதத்தில். கப்பலேற்றுவதற்கு முன்பே, வண்டி இந்திய மோட்டார் வாகன விதிகளுக்குப் பொருந்துகிறது என்று அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்பின் சான்று வேண்டும். ஜப்பானில் ஓடத் தகுதி என்ற சான்று இங்கே செல்லாது. மும்பையில் இறங்கியதும் கஸ்டம்ஸ் விடுவதற்கு முன் புனே ஏஆர்ஏஐ என்ற வாகனச் சோதனை நிறுவனம் மாதிரியான இடத்தில் மறுபடி சோதனை. அது போக, இன்னும் 5 வருஷம் ரோட்டில் ஓடும், அந்த 5 வருஷமும் இந்தியாவில் சர்வீஸ் வசதி தருகிறேன் என்று இறக்குமதி செய்பவர் உறுதி எழுதித் தர வேண்டும். கம்பெனி தரலாம். தனி ஆள் எதை வைத்துத் தருவார்?

இதையெல்லாம் தாண்டினாலும் வரி இருக்கிறது. பழைய காருக்கு அடிப்படை வரி 70 சதவீதம், அதன்மேல் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5 சதவீதம். ஆக 137.5. 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 125-லிருந்து 70-க்கு இறக்கிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. கூடவே செஸ் வந்து உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. பழைய சமூகநல சர்சார்ஜையும் சேர்த்தால் முன்பும் இதே 137.5-தான். இதற்குமேல் பிராடோ மாதிரி பெரிய வண்டிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுவும் வரி சேர்ந்த தொகைமேல்.

கப்பல் கூலி, இன்சூரன்ஸ் உட்பட வண்டி மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூட்டி 13.75 சேர்ந்து 23.75 ஆகிறது. அதில் 40 சதவீதம் 9.5. ஆக 33.25 லட்சம். நம்பர் பிளேட் இன்னும் மாட்டவில்லை. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம், அது கிட்டத்தட்ட இன்னொரு 6.65 லட்சம். அந்த 10 லட்சமும் நீங்கள் ஏலத்தில் கொடுத்த விலை என்று நினைக்க வேண்டாம். புது வண்டி விலையிலிருந்து தேய்மானம் கழித்து கஸ்டம்ஸ் தானே மதிப்புப் போடும்.

வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்களுக்குச் சலுகை உண்டாமே என்று அடுத்து கேட்பீர்கள். அது வீட்டுச் சாமானுக்கு. கார் அதில் சேராது.

ஒரு வேடிக்கை: குருகிராமில் செய்கிற ஐந்து கதவு ஜிம்னியைத்தான் 2025-ல் நோமேட் என்ற பெயரில் ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே நாலைந்து நாளில் ஏறக்குறைய 50,000 ஆர்டர் குவிந்து புக்கிங்கையே நிறுத்தி வைத்தார்கள். நீங்கள் அங்கிருந்து இங்கே கொண்டுவரப் பார்க்கிறீர்கள்.

லோ கியர் எழுதியது:

இறக்குமதிக் கதையை விடுங்க. உங்க வேலைக்கு மூணு வண்டிதான்: ஜிப்சி, 2020-க்கு முந்தின தார் சிஆர்டிஇ (டீசல்), இல்லன்னா யூஸ்டு ஜிம்னி. கூர்க்கா நல்ல வண்டிதான், முன்னாடி பின்னாடி ரெண்டு டிஃப்புக்கும் (இடது வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல்) லாக் இருக்கு. ஆனா நாலு மூட்டைக்கு அவ்வளவு பெரிய உடம்பு வேண்டாம்.

ஜிப்சி எடை ஏறக்குறைய ஒரு டன்தான், 1298 சிசி பெட்ரோல். சேத்துல எடை கம்மிங்கறதுதான் அதோட பலம். புதுசு விக்கிறது 2019-ஓட நின்னுபோச்சு, அதனால எந்த வண்டி பார்த்தாலும் வயசானதுதான். பார்க்கும்போது பெயிண்டைப் பார்க்காதீங்க, கீழே படுங்க. முன் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையா ஒரு நக்கிள் இருக்கும். அதைத் துணியால தொடைச்சுட்டு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து மறுபடி பாருங்க. கெட்டியா கிரீஸ் பூசின மாதிரி இருந்தா சரி. தண்ணி மாதிரி எண்ணெய் வழிஞ்சு டயரோட உள்பக்கம் நனைஞ்சிருந்தா, ஆக்சிலோட உள் சீல் போயிடுச்சு. டிஃப் ஆயில் நக்கிளுக்குள்ள இறங்கி கிரீஸைக் கழுவிடும், அப்புறம் சக்கரம் திரும்பற அச்சான கிங்பின்னோட பேரிங் போகும். அது போன வண்டி 50, 60 வேகத்துல ஒரு குழியில விழுந்தா ஸ்டியரிங் கையிலேயே நிக்காம ஆடும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குற ரோட்டுல அது வேண்டாம்.

அடுத்து ஹப், அதாவது முன் சக்கரத்தை ஆக்சிலோட சேர்க்கிற, பிரிக்கிற பூட்டு. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்க, கியர் டூ வீல்ல இருக்கட்டும். ஹப்பை ஃப்ரீல வெச்சு சக்கரத்தைச் சுத்தினா முன் ஆக்சிலுக்கு இழுவையைக் கொண்டுபோற புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையக் கூடாது. ரெண்டு ஹப்பையும் லாக்ல வெச்சுச் சுத்தினா ஷாஃப்டும் சுத்தணும். ரெண்டு பக்கமும் தனித்தனியா பாருங்க. ஒரு பக்க ஹப் பிடிக்கலன்னாலும் முன் ஆக்சில் முழுக்க வேலை செய்யாது, ஆனா ஃபோர் வீல் லீவர் மட்டும் ஒழுங்கா விழும். விக்கிறவருக்கே தெரியாம இருக்கும்.

இதைவிட முக்கியம் லோ ரேஞ்ச், அதாவது மெதுவா, அதிக இழுவையோட போற ஃபோர் லோ. செம்மண் சரிவுல ஃபோர் லோ, ஃபர்ஸ்ட் கியர் போட்டு இறங்கி, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை முழுசா எடுங்க. லீவர் தானா நியூட்ரலுக்குக் குதிச்சா முன் பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கிற டிரான்ஸ்பர் கேஸ்ல பல்லு தேஞ்சிருக்கு. இஞ்சின் பிரேக் இல்லாம வண்டி உருளும். விலையைக் குறைச்சாலும் அந்த வண்டி வேண்டாம்.

தார் சிஆர்டிஇ-ல இஞ்சின் இழுவை அருமை, மூட்டை தாங்கும். கோளாறு தகரத்துல. கால் மிதியைத் தூக்கிட்டு தரையை ஸ்குரூ டிரைவர் பிடியால தட்டுங்க, "டக்"னு கேட்கணும். "பொத்"துனு கேட்டா உள்ள பொரிஞ்சிருக்கு. சேசிஸ் அடியில மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளன்னு இருந்தா, எதை மறைக்க அடிச்சாங்கன்னு கேளுங்க.

ஜிம்னியில இந்த நக்கிள் ஹப் தொல்லை எல்லாம் இன்னும் தொடங்கற வயசு இல்ல. டிஃப் லாக் கிடையாது, வழுக்குற சக்கரத்தை பிரேக் பிடிச்சு சமாளிக்கும். ஆக்சிலரேட்டரை விடாம சீரா கொடுத்தா ஏறிடும். பயந்து விட்டுவிட்டு மிதிச்சா நின்னுடும். புதுசு 12 லட்சத்துக்கு மேல, 2023 வண்டி தேடினா உங்க பணத்தை ஒட்டி வரும். பின் சீட்டை மடிச்சாதான் மூட்டைக்கு இடம்.

ஆர்சி புக் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் சொல்ல வருவது "ஏற்கெனவே இறக்குமதியாகி ஓடிக்கொண்டிருக்கிற" வண்டிகள் பற்றி. ஹிமாச்சல், அருணாச்சல் நம்பரில் பழைய டொயோட்டா லேண்ட் குரூசர், நிஸான் பேட்ரோல் எல்லாம் தெற்கே பாதி விலைக்கு வரும். 2025 செப்டம்பரில் கேரளாவில் கஸ்டம்ஸ் 'நும்கோர்' என்று ஒரு சோதனை நடத்தியது. பூட்டான் வழியாகக் கடத்தி, ராணுவம் விற்றது மாதிரி போலிக் காகிதம் போட்டுப் பதிவு செய்த வண்டிகள் என்று பிடித்தார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் காசு கொடுத்து வாங்கியவர் நல்லெண்ணத்தில் வாங்கியிருந்தாலும் வண்டி போய்விடும். யாராவது வெளிநாட்டு வண்டி காட்டினால் ஆர்சியைக் கேட்காதீர்கள், இறக்குமதியின்போது கஸ்டம்ஸில் பதிந்த பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். அது இல்லை என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சட்டப்படி வந்த பழைய இறக்குமதி வண்டியிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 15 வருஷம் தாண்டி ஆர்சி புதுப்பிக்க உள்ளூர் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. 20 வருஷம் தாண்டினால் இரண்டும் இரட்டிப்பு.

ஜிப்சி வாங்கினால் ராணுவ ஏல வண்டியா என்று பாருங்கள். ஏலப் பத்திரம் கையில் இருந்து ஆர்சி இல்லாமல் சுற்றுகிற வண்டிகள் நிறைய. பதிவு செய்து தருகிறேன் என்ற வாய்ப்பேச்சுக்கு முன்பணம் வேண்டாம். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு, ஃபைனான்ஸ் பெயர் நிற்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று பாருங்கள். சேசிஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இந்தியாவில் செய்த மாருதி எம்ஏ3 என்றும், மஹிந்திரா எம்ஏ1 என்றும் தொடங்கும்.

மிளகுக்கொடி எழுதியது:

ரொம்ப நன்றி. ஜப்பான் பேச்சை நிறுத்திவிட்டேன். இரண்டு சந்தேகம். டெல்லியில் 10 வருஷ டீசல் வண்டிகள் மலிவாம், தார் அங்கிருந்து எடுக்கலாமா? அப்புறம், அடிவாரத்திலிருந்து மேலே வரும்போது ஃபோர் வீலிலேயே ஏறலாமா?

ஆர்சி புக் எழுதியது:

எடுக்கலாம். படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வண்டி வயதுக்கு ஏற்ற வரியைத் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது தனி அலைச்சல். லாரி வாடகையும் கூட்டிப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க, சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுங்கள். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வேண்டாம்.

லோ கியர் எழுதியது:

தார் ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுத்தும். ஃபோர் ஹைல, அதாவது சாதா வேக ஃபோர் வீல்ல, முன் பின் ரெண்டு ஷாஃப்டும் ஒண்ணா கட்டிப்போட்ட மாதிரி இருக்கறதால வித்தியாசம் போக இடமில்லாம முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், லீவர் டூ வீலுக்குத் திரும்பாம சிக்கும். சிக்கிட்டா பத்தடி ரிவர்ஸ் எடுங்க, விட்டுடும். தார் முடியற இடத்துல நிறுத்தி ஃபோர் ஹை போட்டு, டயர் காத்தை 22-க்கு இறக்கி உள்ள போங்க. திரும்பி சேலம் இறங்கறதுக்கு முன்னாடி காத்து ஏத்தணும், அதனால பேட்டரியில ஓடற சின்ன கம்ப்ரஸர் ஒண்ணு வண்டியிலேயே கிடக்கட்டும்.