பில் கிடைக்காத ஆட்டோவும் 2022ஆம் ஆண்டுக் கணக்கும்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். முன்பள்ளி, போசாக்கு வேலைகள். களத்தில் நிற்பவர்கள் எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். 2022இல் நான் விட்ட ஒரு பிழையை எழுத வேண்டும் என்று கனநாளாக மனதில் கிடந்தது.

அந்த வருட பட்ஜெட்டை டொலருக்கு 200 ரூபா என்று வைத்துப் போட்டிருந்தோம். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டது, அதாவது அதன் மதிப்பைச் சந்தையிடம் விட்டது. மே மாதம் நிதி தருபவர்களின் தவணைப் பணம் டொலரில் வந்தபோது டொலர் 360 ரூபா அளவில் நின்றது. பத்தாயிரம் டொலருக்கு 20 இலட்சம் எதிர்பார்த்தோம், 36 இலட்சம் விழுந்தது. ஆனால் சம்பளம் ரூபாவில் எழுதியது, அசையவில்லை. ஜனவரியில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் மே கடைசியில் 420. பயணப்படி மட்டும் பழைய கணக்கு.

ஜூன் வவுச்சர்களைப் பார்க்கும்போது, பொகவந்தலாவைப் பக்கம் போகும் தங்கச்சி ஒருவர் வெறும் பஸ் டிக்கெட்டுகளை மட்டும் கொடுத்திருந்தார். வருகைப் பதிவேட்டிலோ எல்லாத் தோட்டமும் இருந்தது, பஸ்ஸே போகாத மேல் டிவிசன் உட்பட. எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன்.

“ஆட்டோவுலதான் அண்ணா. அவர் பில் தரமாட்டார். போன மாசம் பில் இல்லாத வவுச்சரைத் திருப்பி அனுப்பிட்டீங்க. அதான் இந்த முறை எழுதவே இல்ல.”

கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பென்சிலில் திகதி, இடம், தொகை. 800, 800, 1,000. சில வரிகளுக்கு எதிரே ‘இறங்கும்போது நடை’. ஒடிட்டுக்குப் பயந்து நான் சிவப்புப் பேனாவால் அடித்த தொகையை அந்தப் பிள்ளை தன் வீட்டு அரிசிக் காசில் கட்டியிருக்கிறது.

அடுத்த வாரமே முறையை மாற்றினோம். பில் தராத பயணத்துக்கு நாங்களே ஒரு தாள் அச்சடித்தோம். ஆட்டோ இலக்கம், சாரதியின் கையொப்பம், போன இடம், தொகை. கூடவே பதிவேட்டின் பிரதி. ஒடிட்டர் ஏற்றுக்கொண்டார். ஒரு வருடத்துக்கு முன்பே அவரிடம் கேட்டிருக்கலாம்.

நாணய மாற்றில் வந்த மேலதிகப் பணம்தான் பெரிய விவாதம். லெப்டொப் வாங்கலாம் என்றுகூட யோசனை வந்தது. அது நிதி தந்தவர்களின் காசு, கேட்காமல் தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அரிசி, மா, பஸ் கட்டணம் ஆகியவற்றின் பழைய விலையையும் புதிய விலையையும் இணைத்து, ஊழியர்களுக்கு வாழ்க்கைச் செலவுப் படி கேட்டுக் கடிதம் எழுதினோம். மூன்று வாரத்தில் சம்மதம் வந்தது. ஆளுக்கு மாதம் 10,000. இதில் கவனம் வேண்டும்: அந்தப் படிக்கும் சேமலாப நிதி (EPF, ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்பு) உண்டு. நிறுவனப் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதம். அப்போ 10,000 கொடுக்க 11,500 கேட்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியது:

அண்ணா, நீங்கள் சேமலாப நிதியாவது கட்டினீர்கள். நான் இருந்த இடத்தில் ஏழு வருடமும் எங்களைத் ‘தொண்டர்’ என்றே பதிந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கையெழுத்து, லீவுக்குக் கடிதம், மாத முடிவில் ‘ஊக்கத்தொகை’. திட்டம் முடிந்ததும் ஒரு சான்றிதழ் தந்து அனுப்பிவிட்டார்கள். பணிக்கொடை (வேலை முடிந்து போகும்போது தரும் தொகை) கேட்டால், நிறுவனத்தில் 15 பேர் இல்லையாம், அதனால் தரத் தேவையில்லையாம். பதிவில் 11 பேர். எங்களைச் சேர்த்தால் 19. கொழுந்து பறித்த அம்மாவுக்குச் சேமலாப நிதி, பணிக்கொடை இரண்டும் கிடைத்தது. ஆபீஸ் வேலை என்று பெருமையாக அனுப்பிய மகளுக்கு ஒன்றும் இல்லை.

ஹட்டனிலிருந்து என் பதில்:

தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். பெயர் தொண்டர் என்றிருந்தாலும் செய்த வேலைக்குச் சாட்சி இருக்கிறதே. தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு மூன்றரை மாதம் வரும். இந்தப் பணிக்கொடைக்காக நாங்கள் இப்போது ஒவ்வொருவர் சம்பளத்திலும் 24இல் ஒரு பங்கு அளவை, நிறுவனப் பணத்திலிருந்து மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறோம். திட்டம் முடிகிற அன்று தேட முடியாது. லீவுக் கடிதங்களும் வங்கிப் பாஸ்புக்கும் கையில் இருக்கிறதா? நாளைக்கே போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள்.