புதுப்பிப்பு: தம்பிக்கு வழி கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி

பி.எஸ்சி வேதியியல் முடித்த தம்பிக்கு அடுத்து என்ன என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஒரு தனியார் ஆலோசனை மையத்தில் 4,000 ரூபாய் போனதையும் எழுதியிருந்தேன். பலர் சொன்னபடி மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கே அழைத்துப் போனேன். பதிவைப் புதுப்பிக்க மட்டும்தான் அந்த அலுவலகம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு.

அதைவிடப் பெரிய விஷயம் வேறு. அங்கிருந்த அம்மா ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "கல்லூரியில் எந்த வேலையை அலுக்காமல் செய்தாய், எழுது தம்பி" என்றார். ரொம்ப நேரம் யோசித்து "டைட்ரேஷன்" என்று எழுதினான் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் ஆய்வகச் சோதனை). அப்போதுதான் தொழிற்பழகுநர் பயிற்சி (அப்ரென்டிஸ்) பற்றிச் சொன்னார். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வேதியியல் பட்டதாரிகளை ஆலைக் கருவிகளை இயக்கும் அட்டெண்டன்ட் ஆபரேட்டர் பயிற்சிக்கு எடுக்கின்றனவாம், உதவித்தொகையோடு. மூன்று வருடம் அந்தப் பாடத்தைப் படித்தவனுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று மனசு வலித்தது.

சரி, இப்போது விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருக்கிறான். ஞாயிறுகளில் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து படிக்கிறான். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.