தனியாக வயலின் வாசிப்பவர் எந்தக் குழுவில் சேரலாம்?

குடந்தை வில்:
வணக்கம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். சிறு வயதிலிருந்தே கர்நாடக முறையில் வயலின் கற்றவன். ஆசிரியர் காலமான பிறகு கூட உட்கார்ந்து வாசிக்க ஆளில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுருதிப்பெட்டியோடு வாசிக்கிறேன். தியாகராஜரின் பஞ்சரத்னம் எனப்படும் ஐந்து கிருதிகளில் நாட்டை, ஸ்ரீ ராகங்களில் உள்ள இரண்டும் பாடம்.

நெடுநாளாக இரண்டு ஆசைகள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின்போது அந்த ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து இசைக்கும் கோஷ்டியில் வயலினோடு உட்கார வேண்டும் என்பது ஒன்று. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் வாசிக்கும் ஐரோப்பியக் குழுவில் சேர வேண்டும் என்பது மற்றொன்று. ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹைடன் எழுதிய நால்வர் இசையைக் கேட்கும்போதெல்லாம் மனம் அங்கேயே போய்விடுகிறது. எதை முதலில் முயலலாம்?

ஆரபி, தஞ்சாவூர்:
தம்பி, கும்பகோணத்தில் இருந்துகொண்டு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலில் திருவையாறுதான்.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். பக்கவாத்தியமாகப் பழகிய கை பாடகரை ஒரு நூலிழை பின்னால் தொடர்ந்துதான் போகும். கச்சேரியில் அது அழகு. கோஷ்டியில் எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், இழுத்துக்கொண்டு போய்விடும். ஐந்து கிருதிகளும் ஆதி தாளம்தான் என்றாலும், எங்கே ஸ்வரம், எங்கே சாகித்தியம் என்கிற பாடல் வரி, எந்தச் சரணத்துக்குப் பிறகு எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நெட்டுருவாக இருக்க வேண்டும். ஆரபியில் 'சாதிஞ்செனெ' வரும்போது கவனியுங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் 'சமயானிகி' என்ற வரிக்கு வர வேண்டும். நன்றாக வாசிப்பவர்கள்கூட அங்கேதான் தடுமாறுகிறார்கள். சாகித்தியத்தின் அட்சரம் மாறும் இடத்தில் வில்லும் மாறட்டும். ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் உங்கள் சொந்தச் சங்கதி எதுவும் வேண்டாம்.

ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாடுகிற இடம் அது. அது வீட்டில் பழகிய கட்டையில், அதாவது சுருதி அளவில், இருக்காது. தந்தியை முதல் நாளே மாற்றிச் சேர்த்து வையுங்கள். புதிதாக முறுக்கிய தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும்.

முன்வரிசை வித்வான்களுக்கு உரியது. அதற்குப் பின்னால் பந்தலில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் சேர்ந்து பாடலாம். முதலில் வாத்தியமில்லாமல் பாடிப் பாருங்கள். தியாகராஜர் சமாதியடைந்த புஷ்ய பகுள பஞ்சமிக்கு உள்ளூர்ச் சபாக்களும் கோயில்களும் ஆராதனை நடத்துகின்றன. வயலினோடு அங்கே உட்காருவது எளிது.

அந்தப் பந்தலில் என்னைப் போன்ற பெண்கள் உட்காருவதற்கே ஒருத்தி போராட வேண்டியிருந்தது. தியாகராஜர் சமாதிக்குக் கோயில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கு பாட இடமில்லை என்றார்கள். 1927இல் அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940இல்தான் ஆராதனையைத் தனித்தனியாக நடத்திவந்த கட்சிகள் ஒன்றாயின. ஒவ்வோர் ஆண்டும் எதிரே இருக்கும் அவர் சமாதியில் கும்பிட்ட பிறகே நான் பாட உட்காருகிறேன்.

இரண்டாம் வயலின், டொராண்டோ:
அண்ணா, நானும் கர்நாடக முறையில் தொடங்கியவள்தான். இப்போது இங்கே எங்கள் பகுதி ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசிக்கிறேன். நால்வர் குழு ஆசையை விட்டுவிடாதீர்கள். இசையமைப்பாளர் ஷூபர்ட் வீட்டிலேயே அது குடும்பத்து வாசிப்பாகத்தான் நடந்தது. பள்ளி ஆசிரியரான அப்பா செல்லோ, அண்ணன்மார் இருவர் வயலின், ஷூபர்ட் வியோலா.

ஆனால் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். நாம் தரையில் உட்கார்ந்து வயலின் தலையை வலது காலில் ஊன்றிக்கொள்கிறோம். இடது கை தாங்க வேண்டியதில்லை, தந்தியில் மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. இங்கே மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று சேராமல், ஒன்றுக்கு மேல் ஒன்று பஞ்சமமாக ஏறும். எனக்கு மிகக் கடினமாக இருந்தது ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை நிறுத்துவதுதான். காந்தார ஸ்வரத்தைக் கண்டாலே விரல் அசைந்துவிடும்.

அதற்கு நம் கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவை. சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் அசைவில்லாமல் நேராக நிற்கும். வயலின் வாசிக்கும் இன்னொருவரைப் பிடித்து, ஒருவர் மேல் ஸ்தாயி, ஒருவர் கீழ் ஸ்தாயி என்று வாசித்துப் பாருங்கள். இரண்டு வில்லும் ஒரே நொடியில் தந்தியைத் தொடுவதற்கு மூச்சைச் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். நால்வர் குழுவிலும் அப்படித்தான் தொடங்குவார்கள். முதல் வயலின்காரர் மூச்சை இழுப்பதுதான் சைகை.

குடந்தை வில்:
இருவருக்கும் நன்றி. நோட்டுஸ்வரத்தை என் மகளோடு இன்றே தொடங்குகிறேன். அவள் இப்போதுதான் தொடக்கப் பாடமான அலங்காரம் முடித்திருக்கிறாள். அம்மா, ஒரு சந்தேகம். கௌளையும் ஆரபியும் கற்றுக்கொள்ளலாம். மீதமுள்ள வராளி ராகத்துக்கு என்ன செய்வது? குரு நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் இருவருக்கும் ஆகாது என்று என் ஆசிரியர் அதைத் தொடவே இல்லை.

ஆரபி, தஞ்சாவூர்:
அந்த நம்பிக்கை எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால் நான் வராளிக் கிருதியான 'கன கன ருசிரா'வைத் தனியாக ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மாணவிகள் எல்லோரும் கூடும்போது பாடுகிறோம். புதிதாக வருபவர் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொள்கிறார். உங்கள் ஊரிலும் ஆராதனைக்கு முன் கோஷ்டி ஒத்திகை எங்காவது நடக்கும். விசாரித்துப் போய் உட்காருங்கள். மகளையும் அழைத்துப் போங்கள்.