சுத்தம் செய்த பிறகு பித்தளை லென்ஸில் முகம் தெளியவில்லை – உதவி தேவை

கேள்வி (ஹட்டன்)

வணக்கம். டவுனில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் சாமான்களோடு பழைய பித்தளை லென்ஸ் ஒன்று கைக்கு வந்தது. அதில் பெயரோ இலக்கமோ இல்லை. முன் கண்ணாடி 55 மில்லிமீட்டர். சிவனொளிபாதமலையை வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்த்ததில் குவியத்தூரம் சுமார் 21 சென்டிமீட்டர். குழலின் நடுவில் ஓட்டையிட்ட தகடு செருகும் வெட்டு இருக்கிறது, தகடுகள் இல்லை. 4க்கு 5 அங்குல மரக் கேமராவில் பூட்டியிருக்கிறேன்.

வந்தபோது உள்ளே பூஞ்சணம். அப்படியிருந்தும் நடுப்பகுதி கூர்மையாகத்தான் விழுந்தது, படம்தான் சோகை பிடித்தமாதிரி இருந்தது. போன கிழமை கழற்றித் துடைத்தேன். பின்பக்க மரையைத் திருப்பியதும் இரண்டு கண்ணாடியும் ஒரு மெல்லிய வளையமும் துணியில் வந்து விழுந்தன. ஞாபகத்தில் இருந்தபடி திரும்பப் போட்டேன். இப்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது, ஆனால் எங்கே குவித்தாலும் கண் இமை தெரியவில்லை. வெளிச்சப் புள்ளி ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு புகை வட்டம். ஓரங்களில் இலைகள் சுழல்வதுபோல் வருகிறது, அது முன்பும் இருந்தது.

அப்பாயிக்கு 86 வயது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். அடையாள அட்டைப் படத்தைத் தவிர அவருடைய முகம் எங்கேயும் இல்லை. இந்த லென்ஸில்தான் எடுக்க வேண்டும் என்று மனதில் வைத்திருக்கிறேன். கெடுத்துவிட்டேனா?

பதில் (பண்டாரவளை)

தம்பி, பூஞ்சணம் அமிலம் விடும், கண்ணாடியை அரிக்கும். மேலே துடைத்தாலும் அரித்த தடம் போகாது. இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரிக் கோடு தெரிந்தால் அதுதான் காரணம். பாலிஷ் போட்டு எடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

பதில் (நுவரெலியா)

பாலிஷ் மட்டும் போட வேண்டாம், தம்பி. வளைவு ஒரு இம்மி மாறினாலும் லென்ஸ் போய்விடும். கண்ணாடியில் நீலமாகவோ ஊதாவாகவோ சாயம் தெரிந்தால் அதையும் தேய்க்காதீர்கள். அந்தப் பழைய நிறம் ஒளியை அதிகமாக உள்ளே விடும். லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லர் அதைக் கவனித்ததிலிருந்துதான் லென்ஸ் பூச்சு என்ற எண்ணமே வளர்ந்தது.

அரிப்பா, வேறு கோளாறா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கறுப்பு அட்டையில் 25 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அந்த வெட்டில் செருகுங்கள். எப் 8 அளவுக்கு வரும் (குவியத்தூரத்தில் எட்டில் ஒரு பங்கு அகலத் துவாரம்). மறுபடியும் குவித்துவிட்டுப் பாருங்கள். புகை வட்டம் சுருங்கிக் கூர்மை வந்தால் கண்ணாடி நல்லது, அடுக்கியதுதான் தப்பு. சோகை அப்படியே நின்றால்தான் அரிப்பு.

அடுக்கு தப்பு என்றே நினைக்கிறேன். நீங்கள் சொல்வது பெட்ஸ்வால் வகை. ஜோசப் பெட்ஸ்வால் 1840இல் கணக்குப் போட்டு அமைத்தது. அந்தச் செருகுத் தகடு வாட்டர்ஹவுஸ் 1858இல் கொண்டுவந்தது, ஆகவே உங்களுடையது அதற்குப் பிந்தியது. முன்னால் ஒட்டிய ஜோடி, அதிகம் குவிந்த முகம் ஆளைப் பார்த்து. பின்னால் ஒட்டாத ஜோடி, அங்கேதான் எல்லாரும் வழுக்குவார்கள். ஆளின் பக்கத்திலிருந்து வந்தால் முதலில் பிறை வடிவக் கண்ணாடி, அதன் குழிந்த பக்கம் பிலிமைப் பார்க்கும். அப்புறம் வளையம். கடைசியில் இரண்டு பக்கமும் குவிந்த கண்ணாடி. அதில் ஒரு பக்கம் அதிக வளைவு, மறுபக்கம் கிட்டத்தட்டத் தட்டை. அதிக வளைவு உள்ள பக்கம் அந்தக் குழியைப் பார்க்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் நீங்கள் சொன்ன அதே புகைதான் வரும்.

எது அதிக வளைவு என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டாம். ஜன்னலின் பிரதிபலிப்பைப் பாருங்கள், ஜன்னல் சிறிதாகத் தெரியும் பக்கம்தான் அது. கண்ணாடி விளிம்பில் பென்சில் எழுத்து இருந்தால் அழிக்காதீர்கள், செய்தவர் கைப்பட எழுதியதாக இருக்கலாம். ஒன்று சொல்ல வேண்டும்: டால்மேயர் 1866இல் காப்புரிமை எடுத்த போர்ட்ரெய்ட் லென்ஸில் பின் ஜோடியின் வரிசை நேர்மாறு. உங்களுடையதில் பெயர் இல்லாததால் முதலில் பழைய முறையைப் போட்டுப் பாருங்கள்.

ஓரச் சுழல் கோளாறு இல்லை. இந்த வகை நடுவில் சுமார் 30 பாகை மட்டும்தான் நன்றாக வரையும். 21 சென்டிமீட்டருக்கு அது 11 சென்டிமீட்டர் வட்டம். முகம் அதற்குள் அடங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

ஐயா, அட்டை போட்டதும் இமை தெரிந்தது! கடைசிக் கண்ணாடியைத்தான் திருப்பிப் போட்டிருந்தேன். சரிசெய்து, அட்டையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கன்னத்துச் சுருக்கம்கூட நிற்கிறது, காதோரத்திலிருந்து மெல்ல மங்குகிறது. இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

அடுத்த சிக்கல். ஷட்டர் இல்லை, மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கையிலிருப்பது பச்சை ஒளிக்கு உணர்வுள்ள எக்ஸ்ரே பிலிம். மூடுபனி வெளிச்சத்தில் வாசலில் உட்கார வைக்கவா?

பதில் (தலவாக்கலை)

வாசலில் வேண்டாம். எங்கள் பனி பார்வைக்குத்தான் மங்கல், எப் 4இல் 100 பிலிம் வேகத்துக்கு விநாடியில் 250இல் ஒரு பங்கு கேட்கும். கையால் முடியாது. லய வீட்டுக்குள் கதவோரமாக உட்கார வையுங்கள். 50 வேகம் என்று வைத்து, அந்த 25 மில்லிமீட்டர் அட்டையோடு ஏறத்தாழ ஒரு விநாடி வரும். ஒளி மீற்றரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டையில்லாத வேறொரு கறுப்பு அட்டையை முன்னால் பிடித்து, மூடியைக் கழற்றி, ஆட்டம் நின்ற பிறகு அட்டையை விலக்குங்கள்.

அந்தப் பிலிம் சிவப்பைப் பார்க்காது. நம் ஆட்களின் தோலும் உதடும் கறுத்து விழும், சுருக்கம் ஆழமாகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும். அப்பாயிக்குப் பிடிக்குமா என்று முன்கூட்டியே ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வயதானவர் ஒரு விநாடியும் அசைவார். எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் பூச்சு இருக்கும், கழுவும்போது தட்டின் அடியில் உரசவிடாதீர்கள்.

பதில் (பொகவந்தலாவை)

அக்காவாக ஒரு விஷயம் சொல்கிறேன், தம்பி. எங்கள் ஊர் சென்ட் மேரிஸ் கோயில் வளவில் அந்தக் காலத்துப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1864இல் அவர் படம் பிடிக்கத் தொடங்கியது ஜாமின் என்பவர் செய்த பெட்ஸ்வால் வகை லென்ஸில்தான். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்தார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத்து ஆட்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெயர் இல்லாமல். உங்கள் அப்பாயியின் பெயர், தோட்டம், டிவிஷன் எல்லாவற்றையும் நெகட்டிவ் உறையில் பென்சிலால் எழுதிவையுங்கள்.

பிறகு லென்ஸைத் தோல் பெட்டியிலோ அலுமாரியிலோ பூட்டிவைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறினால் வறுத்துத் திரும்பப் போடலாம்.

கேள்வி கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டேன். நான்கு பிலிம், இரண்டு அசைந்துவிட்டன. மூன்றாவதில் அப்பாயி கண்ணை நேராக வைத்திருக்கிறார். ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது, "இது எங்க அம்மா மாதிரி இருக்கே" என்றார். அவருடைய அம்மாவுக்குப் படம் இல்லை. நான்காவது இன்னும் காயவில்லை.