அம்மாவின் கீழ்ப் பல் செட் நிற்கவில்லை: பசை போதுமா, புதிதாகக் கட்ட வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என் தாயாருக்கு வயது 71. மிச்சமிருந்த பற்களை எடுத்த கையோடு முழுப் பல் செட் கட்டி ஏழு மாதங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதங்கள் குறை ஒன்றும் இல்லை. இப்போது மேல் செட் ஓரளவு நிற்கிறது. கீழ் செட்டோ பேசும்போதே எழும்பிவிடுகிறது. சாப்பிட உட்காரும் முன் யாரும் பார்க்காதபடி அதைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். நாக்குக்கு அடியில், ஈறின் உட்புறமாக, வெள்ளை விளிம்புடன் சிவந்த புண் ஒன்று வந்து பத்து நாட்களாகின்றன. செட் கட்டிய இடத்தில் கேட்டதற்கு, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேற்று நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து அவரே செட்டின் விளிம்பைத் தேய்க்கத் தொடங்கியதைப் பார்த்துப் பதறிப்போனேன். கடையில் விற்கும் பசையை வாங்கிக் கொடுக்கலாமா? இதையே சரிசெய்ய முடியுமா?

பதில் 1 (பதினான்கு ஆண்டுகளாகச் செட் அணிபவர்)

அரத்தை முதலில் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுங்கள். நானும் ஒருமுறை அப்படித் தேய்த்தேன். வலித்த இடத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்து இடத்தைத் தேய்த்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஓரளவு பிடித்திருந்த செட் அதன்பின் அடியோடு தளர்ந்துவிட்டது. மருத்துவர் செட்டின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, வாயில் அழுத்தி எடுத்துக் காட்டினார். எங்கே அதிகமாக அழுத்துகிறதோ அங்கே மட்டும் பூச்சு விலகி, செட்டின் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தெரிந்தது. அந்த இடத்தை மட்டும் சுரண்டினார், இரண்டு நிமிட வேலை. கண்ணாடி முன் நின்று விரலால் தடவிப் பார்த்து அந்த இடத்தை நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது.

பழகிவிடும் என்பது புதிய செட்டின் முதல் சில வாரங்களுக்குப் பொருந்தும். நன்றாக இருந்துவிட்டுப் பிறகு தளர்ந்த செட்டுக்கு அது பொருந்தாது.

பதில் 2 (பல் மருத்துவர்)

உங்கள் தாயாரின் செட் மாறவில்லை, அதைத் தாங்கும் எலும்புதான் மாறியிருக்கிறது. பல் எடுத்த பிறகு, பல்லைத் தாங்கியிருந்த தாடை எலும்பின் மேடு கரையத் தொடங்குகிறது. முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை அது மிக வேகமாக நடக்கும், அதன்பின் மெதுவாக வாழ்நாள் முழுவதும் தொடரும். கீழ்த்தாடையில் இந்தத் தேய்மானம் மேல்தாடையை விட அதிகம். மேல் செட் அண்ணம் முழுவதும் படிந்து உமிழ்நீரின் பிடிப்பில் நிற்கிறது. கீழ் செட்டுக்கு அந்தப் பரப்பும் கிடையாது, நாக்கும் கன்னத் தசையும் ஓயாமல் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஏழு மாதத்தில் தளர்ந்தால் பெரும்பாலும் புதிய செட் தேவைப்படாது. உட்புறத்தில் புதிதாக அளவெடுத்து அக்ரிலிக் சேர்க்கும் ரீலைனிங் போதுமானதாக இருக்கும். பற்கள் கடிக்கும் விதமே தவறியிருந்தால் மட்டும் அது உதவாது. புண் ஆறும்வரை செட்டைக் கழற்றி வைத்திருப்பது நல்லது. ஆனால் எங்களிடம் வருவதற்கு முந்தைய நாள் சில மணி நேரமாவது அணிந்திருந்தால், எங்கே உரசுகிறது என்பது ஈறில் தெளிவாகத் தெரியும்.

பசை தற்காலிகத் துணைதான். அதை அள்ளிப் பூச வேண்டிய நிலை வந்தால் செட் பொருந்தவில்லை என்றே பொருள். துத்தநாகம் கலந்த பசையை நெடுநாள் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் உடலில் செம்புச் சத்து குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். வீட்டிலேயே ரீலைனிங் செய்துகொள்ளும் பொருட்களும் வேண்டாம். கடிக்கும் உயரம் மாறி, எலும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

பதில் 3

புண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தந்தைக்கும் நாக்குக்கு அடியில்தான் புண் வந்தது. செட் உரசியதால் வந்தது என்று நம்பி மூன்று மாதங்கள் களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டிவிடுங்கள். உங்கள் தாயாருக்கு அப்படி எதுவும் இருக்காது என்றே நம்புகிறேன்.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. அரத்தை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். வேறொரு மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், வாய் எப்போதும் வறண்டிருக்கிறது என்கிறார். இதற்கும் செட் நிற்காததற்கும் தொடர்பு உண்டா?

பதில் 2 (பல் மருத்துவர்)

நிச்சயமாக உண்டு. உமிழ்நீர் குறைந்தால் பிடிப்பும் குறையும், ஈறும் எளிதில் புண்ணாகும், பூஞ்சைத் தொற்றும் வரலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வறட்சியைச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கக்கூடும். இரவில் செட்டைக் கழற்றிச் சாதாரண நீரில் போட்டு வைக்கட்டும். வெந்நீர் கூடாது, அக்ரிலிக் வளைந்துவிடும். வெள்ளிக்கிழமை போகும்போது மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.